அடுத்த பஸ்ஸில் போகலாம்

பஸ் நிற்பதற்கு முன்பே அவருடைய துண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அவர் அப்புறம்தான் ஏறுவார்.

எங்கள் தெருவில் அவரைத் துண்டு சார் என்றுதான் சொல்வார்கள். செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற வழியில் அவருடைய வீடு. அந்த வீட்டு மதில் ஓரமாகத்தான் என் இஸ்திரி வண்டி நின்றது. பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒல்லியான உடம்பு. நடந்தாலே ஓடுகிற மாதிரி இருக்கும். தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். அதன் ஒரு முனையில் முடிச்சு, முடிச்சுக்குள்ளே ஒரு கூழாங்கல்.

"வெறும் துண்டப் போட்டா காத்துல பறந்து பக்கத்து சீட்டுல உழும் தம்பி. கர்ச்சீப் போடறவன் ஏமாளி. பையப் போடறவன் அத விட ஏமாளி, சீட்டும் போவும் பையும் போவும். துண்டுன்னா அதுல ஒரு கனம் இருக்கணும்" என்பார்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே அவர் அதோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடுவார். ஓடிக்கொண்டே எந்த ஜன்னலில் ஆள் எழுந்திருக்கிறான் என்று பார்த்துவிடுவார். முடிச்சு முனையை உள்பக்கமாக விட்டு எறிந்தால் அது சரியாக சீட்டின் நடுவில் போய் விழும். எறிந்துவிட்டுத் திரும்பிக் கத்துவார்: "வாடி! வா, வா!" கூட்டத்துக்குப் பின்னால் அவருடைய மனைவி வந்துகொண்டிருப்பார்.

அந்த அக்கா கொஞ்சம் கனத்த உடம்பு. எதையும் நிதானமாகச் செய்கிறவர். வெளியூர் கிளம்பும்போது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கேட்டைத் தாண்டி வந்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுப்பார். இவர் அதற்குள் தெருமுனைக்குப் போயிருப்பார்.

"உங்களுக்குப் பொண்டாட்டி வராளா இல்லையான்னு கவலை இல்ல, சீட்டு வந்தா போதும்" என்று அக்கா இங்கிருந்தே சத்தம் போடுவார்.

"சீட்டே உனக்குத்தானேடி! உக்காந்துட்டா ஊரு தானா வரும், வா!"

அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் துணி கொடுக்க வந்தபோது சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பஸ்ல நின்னதே இல்ல தம்பி. ஆனா ஓடாம ஏறினதும் இல்ல."

நான் பேசத் தெரியாதவன். வண்டியண்டை நிற்பவர்கள் பேசுவார்கள், நான் தேய்த்துக்கொண்டே கேட்பேன். அதனாலோ என்னவோ அந்தத் தெருவில் எல்லோரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அவருக்கு இந்தத் துண்டுப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் அக்காதான் சொன்னார். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இடமில்லை. அக்கா வழியெல்லாம் நின்றுகொண்டே போய், ஊர் வந்து இறங்கியதும் மயங்கி விழுந்திருக்கிறார். அக்காவின் அண்ணன்மார் மாப்பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு, "கட்டினவளுக்கு ஒரு சீட்டு புடிக்கத் துப்பில்ல, இவரு குடும்பம் நடத்தப் போறாராம்" என்று கேட்டார்களாம். அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம்.

அவர் பிடித்த சீட்டில் நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன். என் பையனுக்கு முடி இறக்க குன்றத்தூர் மலைக்குப் போனபோது அவரும் அக்காவும் கூட வந்தார்கள். அன்றைக்குக் கிருத்திகை. பஸ்ஸைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி ஜனம். நான் பையனைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டேன். இடித்துக்கொண்டு ஏற எனக்கு வராது. அவர் ஒரு சீட்டில் துண்டை எறிந்துவிட்டு, ஏறி அதற்குப் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஏறிப் பார்த்தால், காலில் கட்டுப் போட்ட ஆள் ஒருவர் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறார்.

"துண்டு கீதே, கண்ணு தெரியல?" என்றார் இவர்.

"கால் முடியல சார். ஒரு சீட்டு..."

"நாலு பேருக்குப் போட்ட துண்டு அது. முடியலன்னா அடுத்த பஸ்ல வரணும்."

அக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "பாவங்க அந்த ஆளு."

"பாவமா? அவனையும் ஒரு துண்டு எடுத்துனு வரச் சொல்லு. நீ உக்காரு."

அந்த ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குன்றத்தூர் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் குனிந்து பையனின் தலையைத் தடவிக்கொண்டே போனேன். இவர் மட்டும்தான் எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனதில் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய உலகத்தில் அக்கா நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே பெண், கலா. விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம், மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. வளையலும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு இவர்கள் போக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அக்கா பட்டுப்புடவையை வாங்க வண்டிக்கு வந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாக்கா, ஒரு மாதிரி கீறீங்க?"

"ஒண்ணும் இல்ல தம்பி. காலையிலேர்ந்து அடுப்படிதான். புளிசாதம், எலுமிச்சை, தயிர்னு அவ மாமியார் வீட்டு சனத்துக்கு எல்லாம் கட்டணும். உங்க சாரு கூடமாட ஒரு வெங்காயம் உரிச்சாரா? நாளைக்கு எந்த பஸ்ஸு, எந்தப் பக்கம் வெயில் அடிக்காதுன்னு கணக்கு போட்டுனு கீறாரு."

மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனார்கள். இவர் முன்னால், அக்கா பின்னால். பூட்டை இழுத்துப் பார்த்தார், திரும்பிப் போய் மறுபடி இழுத்தார். இருட்டியதும் ஒரு வேன் வந்து நின்றது. அதில் அக்காவைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை கூட வந்திருந்தார். கலா வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு முகம் பார்க்கக் கூடாது என்று அவள் மாமியார் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அம்மா விழுப்புரம் வரைக்கும் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் அவளுக்குக் காட்டவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது, தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். தெருப் பெண்கள் அதையே சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

"சாவுன்னா இப்படி வரணும். ஒரு நாள் படுக்கல, யாருக்கும் பாரமில்ல."

"பூவும் பொட்டுமா, பட்டுப்புடவையோட, கட்டினவரு புடிச்சுக் குடுத்த சீட்டுல உக்காந்தே போய்ட்டா. குடுத்து வெச்சவ."

"சார், நீங்க கவலைப்படாதீங்க. கடைசி வரைக்கும் அவங்கள நிக்க உடல நீங்க."

இதைக் கேட்டதும் அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அழுவதற்குப் போனார் என்று நினைத்தார்கள். அப்புறம் காரியம் முடிகிற வரைக்கும் யார் வந்து இந்தப் பேச்சை எடுத்தாலும் அவர் எழுந்து கொல்லைக்குப் போவதைப் பார்த்தேன். துண்டு தோளில் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் சட்டைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரே வண்டிக்கு வந்தார். அதுவரைக்கும் அக்காதான் துணி கொண்டுவருவார். என் பெட்டியில் கரி கனிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னா தம்பி."

"இன்னா சார்?"

"மூச்சு வாங்குதுங்க, இந்த பஸ் வேணாம், அடுத்த பஸ்ல போலாம்னா. பெருங்களத்தூர்ல. நான் அதுக்குள்ள துண்டப் போட்டுட்டேன். லீவு நாளு, நல்ல கூட்டம். பஸ்ஸு ஸ்டாப்ப தாண்டிப் போய் நின்னுச்சு. துண்டு உள்ள கீது, அவ கீழ நிக்கறா. நான் படியில தொங்கினு, வாடி, வாடின்னு கத்தறேன். அவளுக்கு ஒரு கையில சோத்துத் தூக்கு, ஒரு கையில வளையல் பை. ஓடி வந்தா. அவ ஓடறத நான் பாத்துனே இருந்தேன்."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"முன்னாடி ஜன்னலோரம் உக்கார வெச்சேன். மூஞ்செல்லாம் வேர்வை. உக்காந்துட்டல்ல, இனிமே ஊரு தானா வரும்னேன். சிரிச்சா. எனக்குக் கடைசி சீட்டுல எடம் கெடச்சுது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினதும் தலைய ஜன்னல்ல சாச்சுக்கினா. கண்டக்டர் டிக்கெட்டுக்கு எழுப்பப் போனான். நான் பின்னாடியிலேர்ந்து கத்தினேன். யோவ், அவங்க டிக்கெட்டு எங்கிட்ட, எழுப்பாத, தூங்கட்டும்னு. அவன் கை தோள் வரைக்கும் போச்சு தம்பி. எடுத்துக்கினான்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் நானும் தூங்கிட்டேன். சும்மா இல்ல, நல்லாத் தூங்கினேன். காத்து சில்லுனு வந்துச்சு. விழுப்புரத்துல எல்லாரும் எறங்கினப்புறம் யாரோ தட்டி எழுப்பினாங்க. எழுந்து, வாடி, ஊரு வந்துடுச்சுன்னேன்."

"துணி சாயங்காலம் தரேன் சார்" என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்றாலும், தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பது என்று மாமியார் வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். இவர் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை, கிலுகிலுப்பை, கிரைப் வாட்டர் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தார். மறுநாள் எதிர்வீட்டு அம்மாவிடம், "பேத்தி அப்படியே எங்க வீட்டுக்காரி ஜாடை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை இப்படிப் போய் வந்தார். "உடனே திரும்பிடறீங்களே சார், ரெண்டு நாள் இருந்துட்டு வர்றதுதானே" என்று யாராவது கேட்டால், "சம்பந்தி வீட்டுல போய் உக்காந்துக்கினா நல்லா இருக்காது" என்பார்.

ஒரு நாள் கரி மூட்டை சொல்லிவைக்க நான் பீர்க்கன்கரணைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பெருங்களத்தூரில் டீ குடிக்க ஒதுங்கினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தெற்கே போகிற பஸ்கள் நிற்கிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பை. காலையில் நான் வண்டியில் கரி போடும்போதே கிளம்பியவர். இப்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

விழுப்புரம் பஸ் ஒன்று வந்தது. பாதி சீட்டு காலி. கண்டக்டர் படியில் நின்று கூவினார். அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். கை கம்பி வரைக்கும் போனது. அப்புறம் பின்னால் வந்துவிட்டார்.

"இன்னா பெருசு, வர்றியா இல்லியா?"

"கூட்டமா கீதுப்பா. நான் அடுத்த பஸ்ல வரேன்."

கண்டக்டர் பஸ்ஸுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "யோவ், உள்ள ஆளுக்கு ரெண்டு சீட்டு கீது. கூட்டமாம்!" பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விசில் கேட்டது, பஸ் போய்விட்டது.

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு பஸ் வந்தது. அதுவும் காலி. அதையும் விட்டார். ரோட்டைத் தாண்டி அவரிடம் போக எனக்கு வெகு நேரம் பிடித்தது. போய் நின்றதும் அவர் திடுக்கிட்டு, பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீ போ தம்பி. நான் அடுத்த பஸ்ல போய்டுவேன்."

"ட்ரெயின்ல போலாமே சார். தாம்பரத்துல நிக்குதே."

"அதுலயும் சீட்டுதானே தம்பி கீது."

நான் வந்துவிட்டேன். சாயங்காலம் அதே பையோடு அவர் தெருவில் வருவதைப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா, "பேத்தி எப்படி கீறா சார்?" என்று கேட்டார். "உக்காருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் வண்டிப் பக்கம் பார்க்கவில்லை. அவர் ஒரு தடவைகூட விழுப்புரம் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கலா குழந்தையோடு வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல்தான் வந்தாள். அவர் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வீடு பூட்டியிருக்கவே கேட்டண்டை நின்றாள். எதிர்வீட்டு அம்மா ஓடி வந்து குழந்தையை வாங்கிக் கொஞ்சினார்.

"தாத்தாவப் பாக்க வந்தியா கண்ணு? தாத்தா தான் மாசா மாசம் உன்னப் பாக்க வர்றாரே!"

"யாரு, அப்பாவா?" என்றாள் கலா. "எங்க வீட்டுக்கா?"

எதிர்வீட்டு அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டார். கலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என் வண்டிக்கு வந்தாள்.

"அண்ணா, அப்பா எங்க போறாரு?"

நான் ஒரு வேட்டியை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

"ஒரு தடவ கூட வரலண்ணா. போன் பண்ணா, அடுத்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன்னுவாரு. எட்டு மாசம் ஆவுது இதுக்கு. பேத்தி மொகத்தப் பாக்கல. எனக்குத் தெரியும் ஏன்னு. அவருக்கு யாரோ சொல்லிட்டாங்க."

"இன்னா சொல்லிட்டாங்க பாப்பா?"

அவள் தெருமுனையைப் பார்த்தாள். அப்பா வரவில்லை.

"அன்னிக்குக் காலையில அம்மா போன் பண்ணாங்க. நெஞ்ச அடைக்கற மாதிரி இருக்குடி, அப்பாகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் சொல்லாதன்னேன். கேஸ் ட்ரபுளா இருக்கும்மா, ஒரு சோடா குடி, சரியாப் போவும். அப்பாகிட்ட சொன்னா டாக்டர்கிட்ட கூட்டினு போய்டுவாரு, கெளம்ப மாட்டாரு. இங்க இவங்க சனம் எல்லாம் வந்து உக்காந்திருக்கு, எங்க வூட்டுலேர்ந்து யாரும் வரலன்னா எனக்குத்தான் அசிங்கம்னேன். சரிடின்னு வெச்சுட்டாங்க." குழந்தை அவளுடைய தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "மொகத்தக் கூடப் பாக்க விடலண்ணா. எனக்கு அது சரிதான்னு தோணுச்சு. நான் செஞ்சதுக்கு அதுதான் தண்டனைன்னு."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "அதில்ல பாப்பா. சார் உன்னப் பாக்கத்தான் கெளம்பறாரு. மாசா மாசம் கெளம்பறாரு. பெருங்களத்தூர் வரைக்கும் போறாரு. அவரால பஸ்ல ஏற முடியல. நான் பாத்தேன். காலி பஸ்ஸ உட்டுட்டு, கூட்டம்னு சொல்லினு நிக்கறாரு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு வந்துடறாரு. உன் மேல கோவம் எல்லாம் இல்ல. அக்காவ அவரு ஓட..." அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று நாக்கு நின்றது.

அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினால் அவர் மதில் ஓரம் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். ஏரிப் பக்கத்துச் சந்து வழியாக வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் குனிந்து கரியைக் கிளற ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ கேஸுன்னு சொன்னது. அவ பஸ் ஸ்டாப்புலயே சொல்லிட்டா. பொண்ணு கேஸுங்கறா, எனக்கு அப்படித் தோணலங்க, அடுத்த பஸ்ல போலாம்னா."

கலாவின் வாய் கோணியது. "அன்னிக்கே தெரியுமா? அதான் நீ வரல."

"உன்னப் பாத்தா வாய் தவறி சொல்லிடுவேனோன்னு ஒரு பயம். எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியவே வேணாம்னு நெனச்சேன்." அவர் பால் பாக்கெட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். "நீ போன்ல கேட்ட. ஒரு குரலக் கேட்ட, அவ்ளோதான். நான் மூஞ்சப் பாத்தேன் கலா. வேர்வையோட, வாயத் தொறந்துனு, என் மூஞ்சப் பாத்துனே ஓடி வந்தா. பாத்துட்டும் வாடின்னேன். உன் தப்பும் என் தப்பும் ஒண்ணு ஆவாது. உன்னுத எடுத்துனு வந்து இதுல சேக்காத."

"சேக்காதன்னா? நான் சொல்லாதன்னு சொல்லலன்னா அம்மா காலையிலயே உன்கிட்ட சொல்லிருப்பாங்களே."

"சொல்லிருந்தாலும், சீக்கிரம் வா, உக்காந்தா சரியாப் போவும்னுதான் சொல்லிருப்பேன். என்னப் பத்தித் தெரியாதா உனக்கு?"

குழந்தையை அவரிடம் நீட்டினாள். பால் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சுற்றிலும் பார்த்தார். நான் வாங்கிக்கொண்டேன். குழந்தை புது ஆளைப் பார்த்து வீரிட்டது. அவர் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட்டதும் கலா கிளம்பிவிட்டாள். அவரையும் கிளப்பினாள். பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். பை ஒன்றும் கனமில்லை.

பெருங்களத்தூரில் முதல் பஸ் காலியாக வந்தது. அவர் பின்னால் நகர்ந்தார்.

"அடுத்த பஸ்ல போலாம்மா."

"சரிப்பா."

வற்புறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் போய், சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த பஸ் வந்தது. அதுவும் காலி. அவர் அவளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்தாள். இப்படி நிறைய பஸ்கள் போயின. ஒரு கண்டக்டர், "இன்னா, குடும்பத்தோட பஸ் வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெயில் சாய்ந்து படிமேல் ஏறியது. கலா முந்தானையைக் குழந்தையின் தலைமேல் போட்டாள். அவர் அவளுக்கு எதிரே போய், தன் நிழல் அவர்கள் மேல் விழுகிற மாதிரி நின்றுகொண்டார்.

ஒரு பஸ் சாய்ந்துகொண்டே வந்தது. படிவரைக்கும் ஆள். அவர் எட்டி, முன் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல் வரைக்கும் பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தார்.

"உக்கார எடமே இல்லம்மா."

"இல்லப்பா."

"அப்ப ஏறு."

கலா ஏறினாள். அவர் பின்னாலேயே ஏறினார். நான் பையை உள்ளே நீட்டினேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள். கைக்குழந்தையைப் பார்த்து ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து கலாவுக்கு இடம் கொடுத்தாள். கலா வேண்டாம் என்று தலையாட்டினாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அந்த சீட்டை ஒட்டி நின்று, மேல் கம்பியை ஒரு கையாலும் சீட்டின் முதுகை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. அவர் குனிந்து அவளிடம் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"தூங்கிடாதம்மா. ஊரு வர வரைக்கும் எதனா பேசினே வா."